கோலியனூரில் ஒரு ஹெரால்டு!

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகிறவர்கள் கோலியனூரை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். ஐந்தாறு கிலோமீட்டர். கண்டக்டர் டிக்கெட் கொடுத்து மீதிச் சில்லறைக்கு 'அப்புறம்' சொல்வதற்குள் கூட்டுரோடு வந்துவிடும். ஒரு சாலை புதுச்சேரிக்கு, இன்னொன்று பண்ருட்டி வழியாகக் கும்பகோணத்துக்கு. டீக்கடை, பரோட்டாக்கடை, பஞ்சர் கடை. அரவை சீசனில் முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள். ஆடியில் புத்துவாயம்மன் கோயிலுக்கு மஞ்சள் புடவைக் கூட்டம்.

நாங்கள் போனது ஆடியில்தான். ஆனால் அம்மனைப் பார்க்க அல்ல, ஒரு காரை!

'நாங்கள்' என்றால் மூன்று பேர். புதுச்சேரியில் பேங்க் உத்தியோகம் பார்க்கும் என் நண்பன். பி.எஃப். லோன் போட்டுப் பழைய கார் வாங்கத் துடிக்கிறவன். (மனைவிக்கு 'ஒரு சின்ன வேலை' என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.) இரண்டாவது, விழுப்புரத்து மெக்கானிக் ஒருவர். எழுபதைத் தாண்டியவர், எல்லாருக்கும் 'மேஸ்திரி'. மூன்றாவது, வேடிக்கை பார்க்க நான்.

கார், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3. இங்கிலாந்தில் 1959-ல் வந்த ட்ரயம்ஃப் ஹெரால்டின் நம்மூர்த் தம்பி. வரைந்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலிக்காரர், தயாரித்தது வண்டலூர் பக்கத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி. அந்தக் காலத்தில் கார் என்றால் கல்கத்தா பக்கத்து அம்பாசடர், பம்பாய் ஃபியட், நம்ம மெட்ராஸ் ஹெரால்டு, மூன்றே ஜாதி! 948 சி.சி. என்ஜின். பானெட்டை இழுத்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாமாகச் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முதலை வாயைத் திறக்கிற மாதிரி முன்னால் கவிழும். 25 அடி இடம் இருந்தால் போதும், வட்டமடித்துத் திரும்பிவிடும். ஆட்டோ டிரைவர்களே பொறாமைப்படுவார்கள். 1971-ல் ஹெரால்டை நிறுத்தி 'கெஸல்' என்று அடுத்ததைக் கொண்டுவந்தார்கள். 1988-ல் கார் தயாரிப்பே நின்றுபோனது.

கூட்டுரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வேப்பமரத்தடியில் ஓட்டு வீடு. காரின் சொந்தக்காரர் ஓர் ஆயா. கணவர் மல்லாட்டை வியாபாரி. (வேர்க்கடலை என்று சொன்னால் இந்தப் பக்கம் உங்களை அசலூர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.) 1969-ல் வாங்கிய வண்டி. அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. பேத்தியின் காலேஜ் ஃபீஸுக்காக இப்போது விற்கிறார்.

விலை விஷயத்தில் ஆயா தெளிவாக இருந்தார். "ஒரிஜினலா இருந்தா ஒரு வெலை, இல்லாட்டி ஒரு வெலையாமே? போன மாசம் வந்தவன் சொன்னான். நீங்களே பாத்துச் சொல்லுங்க தம்பி. பொய் சொன்னா அம்மன் இங்கதான் இருக்கா."

இந்த 'ஒரிஜினல்' சமாச்சாரம் வெறும் கௌரவம் அல்ல. 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டி, அசல் வடிவத்திலேயே இருக்கிற டூவீலரும் காரும் 'விண்டேஜ்'. சேஸிஸ், பாடி, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் கூடாது. மாநிலக் கமிட்டி வண்டியைப் பார்த்து ஓகே சொல்லவேண்டும். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரே தொடரும். தினம் ஆபீஸ் போக முடியாது; கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று மட்டும் ரோட்டில் இறக்கலாம். இதைக் கேட்டபிறகும் என் நண்பன் வாங்கத் துடித்தான் என்றால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

மேஸ்திரி முதலில் காரைத் தொடவே இல்லை. நாலு பக்கமும் நடந்தார். குனிந்து கதவு இடுக்கைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து பழைய ஸ்பீக்கரில் பிரித்த காந்தத்தை எடுத்துத் துணியில் சுற்றி, பாடியில் வைத்துக்கொண்டே வந்தார். ஒட்டியது, ஒட்டியது, ஒட்டியது... இடது பின் மட்கார்டில் நழுவி விழுந்தது!

"உள்ள பட்டி. இங்க அடிபட்டிருக்கு."

"கல்யாண வண்டியா போனப்ப மாட்டு வண்டியில இடிச்சாரு" என்றார் ஆயா, நேற்று நடந்தது போல.

அடுத்து கலர். வெளியே வெள்ளை. மேஸ்திரி டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே, டேஷ்போர்டுக்குப் பின்னால் என்று பெயின்ட் அடிப்பவன் சோம்பேறித்தனப்படும் இடங்களாகப் பார்த்து டார்ச் அடித்தார். எல்லா இடத்திலும் இளம் பச்சை. ஆர்.சி. புக்கிலும் பச்சை. "பாடி அதேதான். வேற வண்டி பாடியா இருந்தா ஒரு இடத்திலாவது மாட்டியிருக்கும்." ஹெரால்டில் இது முக்கியம். சேஸிஸ் தனி, அதன்மேல் போல்ட் போட்டுப் பூட்டிய துண்டுகள்தான் பாடி. மூன்று வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி ஒன்றாக்கினால் சாமானியன் கண்டுபிடிக்க முடியாது.

பிறகு ஸ்பானர். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஹெரால்டு போல்ட் எல்லாம் இஞ்ச் அளவு. அரை இஞ்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர். பிற்காலத்தில் யாராவது 13 எம்.எம். போல்ட் போட்டிருந்தால் அரை இஞ்ச் ஸ்பானர் அதில் ஏறவே ஏறாது! மேஸ்திரி ஒவ்வொன்றாக ஸ்பானரை வைத்துப் பார்த்தார். பி.காம். பாஷையில் சொன்னால் வவுச்சிங். டைனமோ இருக்கவேண்டிய இடத்தில் ஆல்டர்னேட்டர். அதைத் தாங்கும் இரண்டு போல்ட்டில் ஸ்பானர் ஏறவில்லை. "இது தோசமில்ல. பழைய லூகாஸ் டி.வி.எஸ். டைனமோ தேடிப் போட்டுக்கலாம்" என்றார். பின்கதவுகளைத் தட்டிப் பார்த்து, "இது ரெண்டும்தான் சொத்து. நாலு கதவு ஹெரால்டு இந்தியாவுல மட்டும்தான் செஞ்சாங்க. இந்தக் கண்ணாடி ஒடஞ்சா லண்டன்ல கேட்டாலும் கெடைக்காது" என்றார்.

சேஸிஸ் நம்பர் சரி. கடைசியாக என்ஜின். பிளாக்கைத் துடைத்து நம்பரைப் படிக்கச் சொன்னார். நண்பன் ஆர்.சி.யோடு ஒப்பிட்டான். முகம் செத்துப்போனது. ஒரு எண்ணும் ஒத்துப்போகவில்லை.

கொட்டாயில் சத்தமே இல்லை. பக்கத்தில் நின்றிருந்த ஆயாவின் மருமகன்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஒரு ஆள் இருக்காரு சார். தேய்ச்சிட்டு, பழைய நம்பரையே பஞ்ச் அடிச்சுக் குடுத்துடுவாரு."

"கம்பிதான் எண்ணணும்" என்றார் மேஸ்திரி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஆயா எதுவும் சொல்லாமல் வீட்டுக்குள் போனார். நாங்கள் கிளம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடு ஒன்றோடு வந்தார். மல்லாட்டை மூட்டைக் கணக்கு எழுதும் நோட்டு. அதன் பின்பக்கத்தில் காருக்குத் தனிக் கணக்கு! பெட்ரோல், டயர், வைப்பர் ரப்பர் வரைக்கும். மாட்டு வண்டியில் இடித்தது 'டிங்கரிங்' என்று இருந்தது. நான் பார்த்த எத்தனையோ கம்பெனிக் கணக்கைவிட யோக்கியமான கணக்கு.

1978-ல் ஒரு வரி: 'என்ஜின் பிளாக் விரிசல். மெட்ராஸ் புதுப்பேட்டையில் வேறு பிளாக். லாரி கூலி தனி.'

ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதி வாங்க மறந்திருக்கிறார் மனுஷன். அல்லது கடலூர் வரை போக அலுப்பு. அப்போது தென்னாற்காடு ஜில்லாவுக்கு அதுதான் தலைநகரம்.

"அந்தப் பழைய பிளாக்கை என்ன பண்ணாரு ஆயா?" என்று கேட்டார் மேஸ்திரி, சும்மா கேட்பது போல.

"எங்க போவும்? இரும்பை வெலைக்குப் போட மனசு வரல அவருக்கு. வைக்கோல் போர் பக்கம் கெடக்கு பாரு. ஆட்டைக் கட்டி வச்சிருக்கேன்."

ஆடு சம்மதிக்கவில்லை. அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டினோம். துருவும் சாணியுமாகக் கிடந்ததைப் புரட்டி, டீசல் ஊற்றி, சாக்கால் தேய்த்தான் நண்பன். பேங்க்கில் செக் பார்க்கும்போதுகூட அத்தனை கவனம் இருந்திருக்காது. ஒவ்வொரு எண்ணாக வந்தது. நான் ஆர்.சி.யை உரக்கப் படித்தேன். கடைசி எண்ணும் சரி!

மேஸ்திரி விரிசலில் நகத்தை ஓட்டினார். "வாட்டர் ஜாக்கெட்லதான். சிலிண்டர் வரைக்கும் போகல. வார்ப்பிரும்பு வெல்டிங்குக்கு ஒரு ஆள்கிட்ட காட்டணும். வேலை செய்யும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

நண்பன் அட்வான்ஸ் எடுத்து நீட்டினான். கை நடுங்கியது. ஆயா வாங்கவில்லை.

"ஆடியில எதுக்குத் தம்பி? ஆவணி பொறக்கட்டும். அதுக்குள்ள அந்த வெல்டிங்காரனைக் கேட்டுக்க. ஆவாதுன்னு சொல்லிட்டா, கம்மி வெலைக்கே எடுத்துக்க. ஆட்டுக்கு மட்டும் ஒரு முளைக்குச்சி அடிச்சிக் குடுத்துட்டுப் போ."