அடிவயிற்றின் நிறம்

மீனுக்கு நிறம் தெரியாது, லூர் என்கிற செயற்கை இரையில் அடிக்கிற வண்ணமெல்லாம் கடைக்கு வருகிற ஆளைப் பிடிக்கத்தான் என்று பாஸ் மீன் பிடிக்கிறவர்களிடையே ஒரு பேச்சு வெகுகாலமாக உண்டு. முன்பெல்லாம் படகுத்துறையில் விளையாட்டாகச் சொல்வார்கள். இப்போது அதையே ஆராய்ச்சி முடிவு என்கிறார்கள். கிழக்கு டெக்சஸில் டைலர் ஊர்ப் பக்கம் உட்கார்ந்து, கிராங்க்பெய்ட் லூர்களுக்கு வண்ணம் அடித்தே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். கண்ணும் விரலும் முன்போல ஒத்துழைக்காததால் இந்த ஆண்டோடு ஏர்பிரஷ்ஷைக் கழுவி வைக்கிறேன். வைக்கும் முன் இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லிவிட வேண்டும்.

ஆராய்ச்சியில் பிழை இல்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தார் பெரியவாய் பாஸ் மீனின் கண்ணைச் சோதித்து 2018-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த விழித்திரையில் நிறம் உணரும் கூம்பு செல்கள் இரண்டே வகை. ஒன்று 535 நானோமீட்டர் பக்கம் உச்சம் தொடுகிறது, பச்சை. மற்றது 614 பக்கம், சிவப்பு. நீலத்துக்கென்று எதுவும் இல்லை. பழக்கப்படுத்திய மீன்கள் சிவப்பையும் பச்சையையும் சரியாகக் கண்டுகொண்டன. நீலத்தையும் கருப்பையும் பிரிக்கத் தெரியாமல் தடுமாறின. வெள்ளைக்கும் சார்ட்ரூஸ் மஞ்சளுக்கும் அதே தடுமாற்றம். இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு, "அப்படியானால் எதை மாட்டினால் என்ன?" என்று கேட்கிறார்கள். மேலே உள்ள சிவப்பை யாரும் படிப்பதில்லை. நம் கண்ணின் சிவப்புக் கூம்பு உச்சம் தொடுவது 560 பக்கத்தில். பாஸின் கண் அதையும் தாண்டி சிவப்புக்குள் போகிறது. அதே இல்லினாயில் 1937-இலேயே ஃபிராங்க் பிரவுன் இந்த மீன்களைச் சோதித்து, மஞ்சள் வடிகட்டி வழியாகப் பார்க்கிற மனிதக் கண்ணுக்குத் தெரிவது போலத்தான் அவற்றுக்கு நிறம் தெரிகிறது என்று எழுதினார். சிவப்பைத்தான் அவை மிகச் சுலபமாக அடையாளம் கண்டன.

ஆய்வகத் தொட்டியில் தண்ணீர் தெளிவாக இருக்கும். ஏரியில் அப்படி இல்லை, அங்கே தண்ணீரே வடிகட்டி. தெளிந்த ஆழத்தில் முதலில் சாவது சிவப்பு; சில மீட்டர் இறங்கியதும் அது கரும்பழுப்பாகிவிடும். பாசி படர்ந்த பச்சைத் தண்ணீரில் பச்சையும் மஞ்சளும்தான் தங்கும். இலையும் மரப்பட்டையும் ஊறிய தண்ணீரில் கணக்கு தலைகீழ்: நீலம் முதலில் போய்விடும், ஆரஞ்சும் சிவப்பும் கடைசிவரை நிற்கும். கருப்பு-நீல ஜிக் லூரைக் கலங்கலில் போடுகிறவர்கள் நீலத்தை நம்பிப் போடவில்லை. அங்கே அது முழுக்கக் கருப்பு, அழுத்தமான நிழல் உருவம். அந்தி மங்கிய பிறகும் இரவிலும் கருப்பே போதும் என்பதும் இதனால்தான். இதெல்லாம் தூண்டில் பிடித்த எவருக்கும் தெரிந்திருக்கும் என்பதால் மேலே போகிறேன்.

என்னைப் பல ஆண்டுகள் தூங்கவிடாமல் செய்தது காடோ ஏரியின் தண்ணீர். டெக்சஸும் லூசியானாவும் சந்திக்கிற எல்லையில், பாசி தொங்கும் சைப்ரஸ் மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கிற ஏரி அது. கையில் அள்ளினால் நீர்த்த டிகாக்‌ஷன் நிறம். ஆரஞ்சும் சிவப்பும் நிற்கிற தண்ணீர் என்றால் லூரை முழுக்கச் சிவப்பாக அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் எவருக்கும் தோன்றும். சாம் ரேபர்ன், டொலிடோ பெண்ட் ஏரிகளில் பிப்ரவரி வந்தால் சிவப்பு லிப்லெஸ் லூர்தான் ஊர் வழக்கம். அங்கே நீர்ப்புல்லுக்கு மேல் ஓடவிட்டால் மீன் அடிக்கும். காடோவின் உள் ஓடைகளில் அதே லூரை மீன் தொடர்ந்து வரும், கடிக்காமல் திரும்பும்.

அந்தக் கேள்வியோடு நான் போய் நின்றது, அந்த ஏரியிலேயே கிழவரான ஒரு வழிகாட்டியிடம். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் குடும்பத்தார் விரும்புகிறார்கள். அந்த ஊர் மரியாதைப்படி நான் அவரை "சார்" என்றே அழைப்பேன். அவர் என்னை "மகனே" என்பார். என் லூரைக் கையில் வாங்கினார், ஒரு முறைகூட மேல்பக்கத்தைப் பார்க்கவில்லை. திருப்பி வயிற்றைப் பார்த்தார். பிறகு தன் படகுத்துறையின் பலகையில் என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி, ஒரு நீச்சல் கண்ணாடியைத் தந்தார். பிப்ரவரித் தண்ணீர், கன்னத்து எலும்பு வலிக்கிற குளிர்.

"முகத்தை உள்ளே விடு மகனே. ஒரு கம்பில் கட்டி இறக்குகிறேன். என்ன தெரிகிறது என்று மட்டும் சொல். என்ன நிறம் அடித்தாய் என்று சொல்லாதே, எனக்கு அது வேண்டாம்."

அதை ஒரு நாளில் அவர் முடிக்கவில்லை. வெயிலில், மேகத்தில், மழை விட்ட மறுநாளில், ஓரடி, இரண்டடி, மூன்றடி என்று இறக்கிக்கொண்டே இருந்தார். வெள்ளை வயிறு இரண்டடியில் பழுப்பு மஞ்சளாகியது. ஊதா முதுகு கருப்பாகியது. சிவப்பு சாகவில்லை, ஆனால் காணாமல் போயிற்று. காரணம் அப்போதுதான் பிடிபட்டது. அந்தத் தண்ணீரில் பரவி நிற்கிற வெளிச்சமே செந்நிறம். செந்நிறப் பின்னணியில் சிவப்பு உடல் பளிச்சென்று எரிந்து, ஓரம் கரைந்து, உருவம் இல்லாத ஒரு மங்கல் ஆகிவிடுகிறது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று மீனுக்குத் தெரியாத ஒன்றை அது ஏன் கடிக்கும்? சிவப்பைச் சிவப்பாகக் காட்ட அதற்குப் பக்கத்தில் ஓர் இருட்டு வேண்டும்.

சார் இதை வாயால் ஒருநாளும் விளக்கியதில்லை. கடைசியில் ஒரு கல்லைப் புரட்டி, பாஸ் தின்கிற க்ராஃபிஷ் ஒன்றை உயிரோடு எடுத்து என் உள்ளங்கையில் மல்லாக்க வைத்தார். முதுகு சேற்றுப் பச்சை. ஆரஞ்சு இருந்தது கொடுக்கின் நுனியிலும் மூட்டுகளிலும் அடிவயிற்றிலும்தான். பிப்ரவரியில் க்ராஃபிஷ் முழுக்கச் சிவப்பாகிவிடும் என்று கடைகளில் சொல்கிறார்களே, அது அட்டைப்பெட்டிப் படத்தில் வருகிற க்ராஃபிஷ்.

சார் கண்ணால் பார்த்ததைக் கருவியால் அளக்க முயன்றவரும் உண்டு. 1980-களில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் லோரன் ஹில் கலர்-சி-லெக்டர் என்ற கருவியை உருவாக்கினார். கம்பியில் கட்டிய உணரியைத் தண்ணீருக்குள் இறக்கினால், அந்த ஆழத்துக்கு எட்டுகிற வெளிச்சத்தை அளந்து, தெளிவு, மங்கல், கலங்கல் என்று மூன்று பட்டைகளில் எந்த நிறம் என்று முள் காட்டும். அமோகமாக விற்றது. கொஞ்ச காலத்தில் கேலிக்கும் ஆளானது. எனக்கு அந்த மனிதர் மேல் இன்றும் மரியாதை. லூர் ஓடுகிற ஆழத்தில் போய் வெளிச்சத்தை அளக்க வேண்டும் என்று சாதாரணத் தூண்டில்காரரையும் குனிய வைத்தார். இன்று போனில் இருக்கிற அட்டவணை எதையும் இறக்கச் சொல்வதில்லை. "தண்ணீர் கலங்கலா? சார்ட்ரூஸ்." பாசிக் கலங்கலா, செம்மண் கலங்கலா, இலை ஊறிய கலங்கலா என்ற கேள்வியே அங்கே கிடையாது. மூன்றிலும் வேறு வேறு வெளிச்சம் ஐயா.

சோனார் திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். படகின் முன்னால் நீந்துகிற ஒவ்வொரு மீனும் இப்போது திரையில் தெரிகிறது. லூரைத் தொடர்ந்து வருவதும், முகர்ந்து திரும்புவதும் தெரிகிறது. ஒரு மீன் ஏன் திரும்பியது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு என் தலைமுறைக்குக் கிடைத்ததில்லை. அதைப் பார்த்துவிட்டு இன்றைய தூண்டில்காரர்கள் செய்வது, அடுத்த மீனுக்கு வீசுவது. திரும்பிய மீனிடம் கேட்பதற்கு யாருக்கும் பொறுமை இல்லை.

ஆனாலும் என் உண்மையான மனத்தாங்கல் கடைகளோடு. டியூப் லைட்டுக்குக் கீழே, ஆள் நிற்கிற உயரத்தில், பக்கவாட்டில் பார்க்கும்படி லூரைத் தொங்கவிடுகிறார்கள். அந்த வெளிச்சத்தில் அழகாக இருப்பதே விற்கிறது. ஒவ்வொரு செதிலும் தெரிகிற, புகைப்படத்தை ஒட்டியது போன்ற அச்சு லூர்கள் சுவரை நிறைக்கின்றன. மூன்றடித் தண்ணீரில் அந்தச் செதில் எதுவும் இருக்காது, மொத்தமும் சாம்பல். காடோவுக்காக நான் அடித்தது சேறு பூசியது மாதிரிதான் சுவரில் தெரியும். நெடுங்காலம் என்னிடம் வாங்கிய ஒரு கடைக்காரர், "கொஞ்சம் பளபளப்பாக அடித்துத் தாருங்கள், இல்லாவிட்டால் எடுக்க மாட்டேன்" என்று சொல்லி, ஒரு பெட்டியையே திருப்பி அனுப்பினார். நான் மாற்றவில்லை. அந்தப் பெட்டி ஏரிக்கரை வழிகாட்டிகள் கைக்கு நேராகப் போய்த் தீர்ந்தது.

இனி நான் அடிக்கப் போவதில்லை என்பதால் அந்தக் காடோ லூரின் முறையைச் சொல்லிவிடுகிறேன், யார் வேண்டுமானாலும் செய்யட்டும். வெள்ளை அடித்தளம் வயிற்றுக்கு மட்டும், மெலிதாக இரண்டு பூச்சு. ஒளிர் ஆரஞ்சு ஊடுருவித் தெரிகிற வண்ணம், அடியில் சாம்பல் இருந்தால் செத்துவிடும். அதனால் வெள்ளையின் மேல் நேராக ஆரஞ்சு. தாடையிலிருந்து பின்கொக்கி வரை, அதற்கு மேல் ஏறக்கூடாது. முதுகில் பழுப்பு கலந்த ஆலிவ். இரண்டும் சந்திக்கிற இடத்தில் மென்மையாகக் கலக்காதீர்கள், அங்கேதான் எல்லோரும் கெடுக்கிறார்கள். கருப்புக்கு அரைப்படி முந்திய பழுப்பில் கூர்மையான ஒரு கோடு, பக்கவாட்டில் மூன்று குறுக்குப் பட்டை. எபாக்சி மேல்பூச்சு வெயிலில் மஞ்சளாகும், அந்த மஞ்சளையும் கணக்கில் வைத்து ஆரஞ்சைச் சிவப்புப் பக்கம் ஒரு சொட்டு தள்ளிக்கொள்ளுங்கள். காய்ந்ததும் டியூப் லைட்டில் பார்க்காமல், போடப்போகிற தண்ணீரில் முகத்தை விட்டுப் பாருங்கள். பிப்ரவரி கடைசியில் சைப்ரஸ் வேர்களை உரசிக்கொண்டு இரண்டு மூன்றடியில் மெதுவாக ஓட்டுங்கள். மே மாதம் புளூகில் மீன்கள் முட்டையிட வந்துவிட்டால் இதைக் கழற்றிவிட்டுச் செம்பு நிற வயிற்றுக்கு மாறிக்கொள்ளுங்கள்.