ஆயிரத்து இருநூறு டொலரும் மூன்று இரவும்

செப்டெம்பர் பிறந்ததும் கனடாப் பள்ளிக்கூடங்களில் ஒரு சடங்கு நடக்கும். "கோடை விடுமுறையில் என்ன செய்தாய்?" என்று ரீச்சர் எழுதச் சொல்லுவார். ஒரு பிள்ளை பான்ஃப் மலையை எழுதும், இன்னொன்று டிஸ்னியை எழுதும். ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியின் பதினான்காம் மாடியில் இருக்கும் பெண்பிள்ளை 2024இல் எழுதியது ஒரே ஒரு வரி. "பார்க்குக்குப் போனோம்." அதுவும் ஊர்ச் சங்கத்தின் கோடை ஒன்றுகூடல். தேசிக்காய் கரண்டி ஓட்டம், கயிறிழுத்தல், கொத்துரொட்டி, பின்னேரம் வீடு. மொத்தம் ஐந்து மணித்தியாலம்!

2025 ஜனவரியில் மேசையைத் துப்புரவாக்கும்போது அந்தக் கொப்பி அம்மாவின் கையில் அகப்பட்டது. அன்றிரவே பேச்சு தொடங்கிவிட்டது. இந்த வருசம் எங்கேயாவது போயே ஆகவேண்டும். சீட்டு எடுத்த காசில் மிச்சம் 1,200 டொலர் இருந்தது. ஆட்கள் ஐந்து: அப்பா, அம்மா, பதினொரு வயது மூத்தவள், ஏழு வயதுச் சின்னவன், சூப்பர் விசாவில் வந்திருக்கும் அம்மம்மா. பழைய வான் ஒன்றும் இருக்கிறது.

முதலில் எல்லோரும் செய்கிற பிழையைத்தான் அவர்களும் செய்தார்கள். கனடா என்று கூகிளில் தட்டி, வருகிற படங்களில் அழகானதைத் தெரிவு செய்தார்கள். நீல ஏரி, பின்னால் பனிமலை. அது பான்ஃப். ஸ்காபரோவிலிருந்து றோட்டால் போனால் ஒரு வழிக்கு மட்டும் ஏறக்குறைய 3,400 கிலோமீற்றர். ஐந்து பேருக்கு விமான ரிக்கெற் பார்த்ததோடு அந்தப் படம் மூடப்பட்டது. கடல் பார்ப்போம் என்றால் ஹலிஃபாக்ஸ் 1,800 கிலோமீற்றர். நாடு பெரிசு என்று ஊருக்குப் போன் எடுத்துப் பெருமைப்பட்ட மனிசனுக்கு, அந்தப் பெரிசின் விலை அன்றுதான் விளங்கியது.

அடுத்தது சொந்தக்காரர் வீடு. நியூ ஜேர்சியில் பெரியம்மா இருக்கிறார், ஆனால் அம்மம்மாவிடம் அமெரிக்க விசா இல்லை. மொன்றியலில் சித்தப்பா இருக்கிறார், தங்குமிடம் இலவசம். இலவசம் என்பது சொல்லுக்குத்தான். ஒரு வீட்டில் தங்கினால் மற்ற எட்டு வீட்டுக்கும் தலைகாட்ட வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் கேக், பிள்ளைகளுக்கு உடுப்பு. மூன்று நாள் ஒன்பது வீட்டுச் சோபாவில் இருந்து ரீ குடித்துவிட்டு வருவதை எந்தப் பிள்ளையும் கொப்பியில் எழுதாது. கொட்டேஜ் என்று சொல்லும் ஏரிக்கரை வீடுகளையும் பார்த்தார்கள். ஜூலை, ஓகஸ்டில் அவற்றைப் பெரும்பாலும் சனி தொடக்கம் சனி வரை முழுக் கிழமைக்குத்தான் விடுவார்கள். சீட்டுக் காசு அதற்கே காணாது.

மிஞ்சியது கூடாரம். கனடாவில் மலிவு விடுமுறை என்றால் கடைசியில் எல்லாரும் வந்து நிற்கும் இடம் அதுதான். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் ஒரு கூடார இடத்துக்கு இரவுக்கு ஐம்பது டொலர் மட்டில்தான். ஆறு பேர் வரை தங்கலாம், ஆளுக்கு ஆள் கட்டணம் இல்லை. சும்மா பகலில் போய் வந்தாலும் வாகனத்துக்குத்தான் காசு.

ஆனால் அதில் ஒரு முடிச்சு இருக்கிறது. எந்த நாள் போய் இறங்கப் போகிறீர்களோ அதற்கு ஐந்து மாதம் முதல், காலை 7 மணிக்குப் பதிவு திறக்கும். சாண்ட்பாங்க்ஸ் மணல்மேடுகள், அல்கோன்குயின் போன்ற பேர்போன இடங்களில் கோடை வார இறுதி என்றால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதாவது ஓகஸ்ட் கடைசியில் போக வேண்டுமென்றால் மார்ச்சில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதே, நாளைச் சொல்ல வேண்டும்.

அப்பாவால் சொல்ல முடியவில்லை. அவர் ஒரு வெயார்ஹவுஸில் இரவு ஷிப்ட். ஒன்ராறியோ வேலைச் சட்டப்படி ஒரு வருசம் வேலை செய்தால் இரண்டு கிழமை லீவு உண்டு, ஆனால் அதை எப்போது எடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை முதலாளிக்கு. பெப்ரவரியில் கொடுத்த லீவுப் படிவத்துக்கு மறுமொழி மே மாதந்தான் வந்தது.

"என்னப்பா, இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே?"

"கேட்டனான். பாத்துச் சொல்லுறம் எண்டினம்."

மார்ச் முழுக்க இந்த இரண்டு வசனந்தான் அந்த வீட்டில். மலிவு விடுமுறை என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் "முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்" என்பதை முதல் ஆலோசனையாகச் சொல்லுகிறார்கள். அது சரியான ஆலோசனைதான். ஆனால் ஐந்து மாதம் கழித்துத் தான் எங்கே நிற்பேன் என்று சொல்லக்கூடியவர் யார்? மாதச் சம்பளக்காரர், ஒஃபிஸ்காரர், ரீச்சர். மலிவான இடம் அவர்களுக்குப் போய்விடும். ஷிப்டில் வேலை செய்கிறவருக்கு மிஞ்சுவது கடைசி நேர மோட்டல், அதுதான் விலை கூடியது. போதாக்குறைக்கு மோட்டல்காரர் போட்டிருக்கும் விலையில் வரி இராது. ஒன்ராறியோவில் 13 வீதம் அதற்கு மேலே ஏறும், சில நகரங்களில் தங்குமிட வரி வேறு.

அம்மாவின் கணக்கு இன்னும் சிக்கல். அவர் ஏஜென்சி மூலம் வேலைக்குப் போகிறவர். லீவுக் காசான 4 வீதத்தை அவருக்கு ஒவ்வொரு செக்கிலும் சேர்த்தே கொடுத்துவிடுவார்கள், அப்படித்தான் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அது வாடகையோடும் மரக்கறியோடும் கரைந்துவிடும். ஆகவே லீவு எடுத்தால் அந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லை. அந்த வருசம் இலையுதிர்காலம் வரை ஒன்ராறியோவில் அடிப்படைச் சம்பளம் மணிக்கு 17.20 டொலர். நாற்பது மணித்தியாலத்துக்கு 688 டொலர். ஒரு கிழமை விடுமுறை போனால் 1,200 டொலரில் பாதிக்கு மேல் வீட்டை விட்டு வெளிக்கிட முதலே முடிந்துவிடும்! விடுமுறைச் செலவுப் பட்டியல்களில் பெற்றோல் இருக்கும், சாப்பாடு இருக்கும். இந்த வரி இருப்பதில்லை.

மே மாதம் அப்பாவின் லீவு வந்தது: ஓகஸ்ட் கடைசி இரண்டு கிழமை. நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும். மே, ஜூனில் காட்டுப்பக்கம் போனால் கறுப்பு ஈயும் நுளம்பும் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும், ஓகஸ்ட் கடைசியில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் அப்போது தேடினால் வார இறுதி எல்லாம் நிரம்பியிருந்தது.

இதற்கிடையில் அம்மம்மாவுக்கு விசயம் தெரியவந்தது. அதுவரை யாரும் அவரிடம் விளக்கமாகச் சொல்லவில்லை. மூத்தவள் போனில் கூடாரத்தின் படத்தைக் காட்டினாள். அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"தறப்பாளுக்குக் கீழை கிடந்து வந்த சனம் நாங்கள். இஞ்சை வந்து காசும் குடுத்து தறப்பாளுக்குக் கீழையோ படுக்கிறது?"

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது அவரும் நடந்தவர். அதற்குப் பிறகு வன்னியில் மழைக்குள் கிடந்த மாதங்களை அவர் அதிகம் கதைப்பதில்லை. அன்றைக்கும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். அம்மா அன்றிரவு, "அம்மாவை விட்டிட்டு நான் வரன்" என்றார். கூடாரத்தை விடுவதா, அம்மம்மாவை விடுவதா, திட்டத்தையே விடுவதா? இரண்டு கிழமை யாரும் விடுமுறை என்ற சொல்லையே எடுக்கவில்லை.

ஜூன் நடுவில் அப்பா ஒரு செய்தியோடு வந்தார். ஏப்ரல் தேர்தலில் வாக்குக் கொடுத்த கனடா ஸ்ட்ரோங் பாஸ் வரப்போகிறது. 2025 ஜூன் 20 தொடக்கம் செப்டெம்பர் 2 வரை தேசியப் பூங்காக்களுக்கு அனுமதி இலவசம், இரவு தங்கும் கட்டணத்தில் கால்வாசி கழிவு. பேர் பாஸ் என்றாலும் அட்டை ஒன்றும் எடுக்கத் தேவையில்லை, நேரே போகலாம்.

"அப்ப அல்கோன்குயினும் ப்ரீ!"

"அப்பா, அது நஷனல் பார்க் இல்லை, புறொவின்ஷியல்" என்றாள் மூத்தவள்.

அவள் சொன்னது சரி. இதில் ஏமாறாதவர்கள் குறைவு. அல்கோன்குயின், சாண்ட்பாங்க்ஸ் எல்லாம் மாகாணத்துடையவை, ஒன்ராறியோ பார்க்ஸ். தேசியப் பூங்காக்கள் மத்திய அரசின் பார்க்ஸ் கனடா. இணையத்தளம் வேறு, கட்டணம் வேறு, சலுகை வேறு. ரொறன்ரோவிலிருந்து வானில் போகக்கூடிய தூரத்தில் தேசியப் பூங்கா என்று தேடினால் சிலதுதான் வரும். அதில் ஒன்று கிங்ஸ்டனுக்கும் புறொக்வில்லுக்கும் இடையில், 401 நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் தவுசண்ட் ஐலண்ட்ஸ். 1904இல் தொடங்கியது, ரொக்கி மலைகளுக்குக் கிழக்கே கனடாவின் முதல் தேசியப் பூங்கா. பெயர் ஆயிரம் தீவு, எண்ணினால் 1,800க்கு மேல். ஒரு பங்குக்கு அமெரிக்கா உரிமைக்காரர் என்பதால் சில படகுச் சுற்றுலாக்கள் அந்தக் கரையிலும் இறங்கும். அம்மம்மாவோடு போகிறவர்கள் கேட்டுத்தான் ஏறவேண்டும். இவர்கள் படகைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

அங்கே மலோரிடவுன் லாண்டிங் என்ற இடத்தில் ஓடென்டிக் என்று ஒன்று இருக்கிறது. பாதி கூடாரம், பாதி கபின். மரத் தளம், கட்டில், மெத்தை, மேலே தடித்த துணி. சமையல் வெளியில்தான். படுக்கை விரிப்பும் தலையணையும் நாங்களே கொண்டுபோக வேண்டும் என்று அம்மம்மாவுக்கு மூத்தவள் விளக்கினாள். அம்மம்மா கேட்டது ஒரே கேள்வி. "நிலத்திலையோ கட்டிலிலையோ?"

கட்டில்தான். இரவுக்கு நூற்றுமுப்பது, நாற்பது டொலர் வரும், கழிவு போக நூறுக்குப் பக்கம். ஆனால் இடம்? எல்லாம் நிரம்பி இருந்தது. யாராவது கைவிட்டால் மின்னஞ்சல் அனுப்பும் வசதி தளத்தில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டார்கள். அதோடு அப்பாவுக்குத்தான் ஒரு வசதி கிடைத்தது. இரவு ஷிப்டில் மூன்று மணிக்கு இடைவேளை. ஊர் நித்திரை கொள்ளும் நேரத்தில் போனைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஜூன் கடைசியில் ஓர் இரவு ஓகஸ்ட் 24, ஞாயிறு தொடக்கம் மூன்று இரவு காலியாகத் தெரிந்தது. வெயார்ஹவுஸ் கன்ரீனில் நின்றபடியே கார்ட் இலக்கத்தைத் தட்டினார்.

ஞாயிறு என்பதும் தற்செயலாக அமைந்த லாபம். ஞாயிறு போய்ப் புதன் திரும்பினால் அம்மாவுக்குப் போவது மூன்று நாள் சம்பளந்தான், 412.80 டொலர். தங்குமிடம் 300 மட்டில். போய்வர 600 கிலோமீற்றருக்கு 60 லீற்றர் பெற்றோல், ஒரு தொண்ணூறு டொலர். சாப்பாட்டுக்கு 150, அதில் பெரும்பாலும் வீட்டிலிருந்து போகும் கட்டுச்சோறு, முதல் இரவுக்குப் புளிச்சாதமும் பொரிச்ச கத்தரிக்காயும். விறகுக்கு 30. விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகக் கூடாது, போகும் இடத்திலேயே வாங்க வேண்டும். 2002இல் வின்ட்ஸர் பக்கம் கண்டுபிடித்த ஒரு பச்சை வண்டு விறகோடு விறகாகப் பயணம் செய்து ஆஷ் மரங்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. நெருப்புக்குத் தடை போட்டால் என்ன செய்வது என்று சின்ன காஸ் அடுப்பு ஒன்று இரவல் வாங்கினார்கள். கூட்டினால் 982 டொலர் 80 சதம்.

மிச்சம் 217 டொலர். அதற்கும் அம்மா திட்டம் போட்டுவிட்டார். வார இறுதியில் கோ ரயிலில் ஒரு நாள் பாஸ் 10 டொலர், 12 வயது வரை இலவசம். மூன்று பெரியவர்கள் 30 டொலரில் நயாகரா போய்வரலாம். நிலையத்திலிருந்து அருவிக்கு பஸ் எடுக்க வேண்டும், அருவியைப் பார்க்கக் காசில்லை. கிங்ஸ்டனில் கனடாவின் முதல் பிரதமர் மக்டோனல்ட் சில காலம் இருந்த பெல்வியூ வீடு பார்க்ஸ் கனடாவுடையது, அந்தக் கோடையில் அதுவும் இலவசம். 1832இல் திறந்த ரிடோ கால்வாயில் படகுகள் படி ஏறுவதுபோல் ஏறி இறங்குவதைக் கரையில் இருந்தே பார்க்கலாம். மியூசியத்துக்கு ரொறன்ரோ நூலகத்தில் இலவச பாஸ் தருவார்கள். வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்கும் ரூஜ் பூங்காவும் தேசிய நகர்ப்புறப் பூங்காதான், அதற்கு எப்போதுமே கட்டணம் இல்லை. இத்தனை வருசம் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போய்வந்திருக்கிறார்கள்.

ஒன்றுதான் பாக்கி. ஏஜென்சிக்குச் சொல்ல வேண்டும். ஏஜென்சி வேலையில் "வரமாட்டேன்" என்பது ஒரு சின்னச் சொல் இல்லை. அடுத்த கிழமை வேறு ஆளைக் கூப்பிட்டால் கேட்க வழியில்லை. அம்மா ஜூலை முழுக்க நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினார். ஓகஸ்ட் முதல் கிழமை, மூத்தவளைப் பக்கத்தில் இருத்தி ஆங்கிலத்தில் எழுதுவித்து, மூன்று நாட்களையும் குறிப்பிட்டு, மன்னிக்கவும் என்று தொடங்கி நன்றி என்று முடித்து அனுப்பினார். மன்னிக்கவும் வேண்டாம் என்று மூத்தவள் சொன்னாள், அம்மா கேட்கவில்லை.

மறுமொழி அடுத்த நாள் மத்தியானம் வந்தது. ஒரே ஓர் எழுத்து: கே.

அம்மா அதை மகளிடம் நீட்டினார். "இது கோவமோ பிள்ளை?"

"இல்லையம்மா. அது சும்மா கே."

அம்மம்மா உள்ளே தலையணை உறைகளைத் தேடிக்கொண்டிருந்தார்.