எண்பத்து மூன்று

எமது அன்னையார் வஃபாத்தான அன்று, கோவையிலிருந்து புறப்பட்ட தாய்மாமா திருச்சியை அடைந்ததும் தொலைபேசியில் வழி கேட்டார். “அறுபத்தேழாம் எண் சாலையிலேயே வந்துவிடுங்கள், மாமா” என்றோம். பலகைகளில் 83 என்றிருக்கக் கண்டவர், வழி தவறிவிட்டதாக எண்ணி வண்டியைத் திருப்பினார். தமக்கையின் கப்ரில் மூன்று பிடி மண் இட அவருக்கு வாய்க்கவில்லை. பிழை எம்முடையதே.

தேசிய நெடுஞ்சாலைகளின் எண்கள் 2010இல் மாற்றியமைக்கப்பட்டன. வடக்கு தெற்காகச் செல்பவை இரட்டை எண் பெறும். மேற்கே போகப் போக எண் கூடும். கடலோரமாக நாகைக்குச் செல்வது 32. விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சைக்கு வருவது 36. திருச்சி வழியாகச் செல்வது 38. கிழக்கு மேற்காகச் செல்பவை ஒற்றை எண் பெறும். காஷ்மீரத்தில் 1 எனத் தொடங்கித் தெற்கே வளரும். அம்முறையில் திருச்சி, தஞ்சை, நாகைச் சாலையில் 67 போய் 83 வந்தது.

அப்ஜத் கணக்கில் ஃபா எண்பது, ஜீம் மூன்று. இரண்டும் இணைந்தால் ‘ஃபஜ்ஜு’. அகன்ற பாதை என்பது பொருள். மாணவர்க்கு இதனைக் கற்பிக்கும்தோறும் மாமாவின் முகம் எம் முன்னே வருகிறது. எழுத்துக்கெல்லாம் எண் சொன்ன யாம், எமது வாசற்சாலையின் எண்ணை அறியாதிருந்தோம்.