மடியில் கட்டிக்கொண்டு வந்தவை

ஓரிடத்துக்குப் போய்வந்தால் அங்கிருந்து சின்னதாக ஏதாவது கொண்டுவருவது பெண்களாகிய எங்களுக்குப் பழகிப்போன காரியம். கதிர்காமம் போனவர்கள் திருநீறு கொண்டுவருவார்கள். நயினாதீவுக்குப் போனவர்கள் பிள்ளைகளுக்குக் காப்பு வாங்கி வருவார்கள். நெடுந்தீவில் சொந்தக்காரர் இருந்தால் ஒடியல் பொட்டலம் இல்லாமல் வள்ளம் ஏற விடமாட்டார்கள். அந்த நாளில் இவற்றை யாரும் நினைவுப்பொருள் என்று சொன்னதில்லை. வீட்டில் எல்லாம் இருந்த காலம் அது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய பிறகுதான் ஒரு சின்னப் பொருளின் பெறுமதி எங்களுக்கு விளங்கியது.

எனது ஊர் புங்குடுதீவு. 1991இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அம்மா காணி உறுதியைச் சீலைக்குள் சுற்றி வைத்துக்கொண்டார். இடுப்பில் அவருடைய கொட்டைப்பெட்டி இருந்தது. பனையோலையில் இழைத்த அந்தச் சின்னப் பெட்டிக்குள் வெற்றிலை, பாக்கு, சில்லறைக் காசு எல்லாம் இருக்கும். 1995 ஐப்பசியில் வலிகாமத்தை விட்டும் நடந்தோம். அந்த இடப்பெயர்வில் எங்கள் குடும்பப் படங்கள் எல்லாம் போயின. அடுத்த வருடம் செல் விழுந்து என் கணவர் இறந்தார். அம்மா வன்னியில் கண்ணை மூடினார். கொட்டைப்பெட்டி எந்த மரத்தடியில் விடுபட்டது என்று எனக்கு இன்றும் தெரியாது. உறுதி மட்டும் மிஞ்சியது.

என் தங்கச்சி 1989இலேயே பிரான்சுக்குப் போய்விட்டாள். அம்மாவின் கடைசிக் காரியத்துக்குக்கூட அவளால் வர முடியவில்லை. 2012 ஆடி மாதம்தான் வந்தாள். வந்தவுடன் என் கையில் ஒரு சின்னத் துணிப் பையைத் தந்தாள். உள்ளே காய்ந்த ஊதாப் பூக்கள். பிரான்சின் தென்பகுதியில் புரோவான்ஸ் என்ற இடத்தில் கோடை காலத்தில் வயல் வயலாகப் பூக்கும் லவெண்டர் என்றாள். அங்கே சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பையை வாங்கி வந்து உடுப்புகளுக்கிடையில் வைப்பார்களாம். எனக்கு அம்மாவின் றங்குப் பெட்டி ஞாபகம் வந்தது. அம்மா சீலைகளுக்கிடையில் தாழம்பூ மடல் வைப்பார்.

"அக்கா, நாங்கள் சின்னனில போன இடமெல்லாம் போவம். ஒவ்வொரு இடத்திலயும் ஒரு சாமான் எடுத்துக்கொண்டு வருவம்" என்றாள். அப்படித்தான் நாங்கள் வெளிக்கிட்டோம்.

முதலில் ஊர்காவற்றுறை. வெளிநாட்டார் கயிற்ஸ் என்று சொல்லும் பெயர், கப்பல் கட்டும் துறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் இந்தத் துறையிலிருந்துதான் யானைகளைக் கப்பலேற்றினார்கள். கரையில் நின்று பார்த்தால் கடல் நடுவே கடற்கோட்டை தெரியும். எங்கள் அப்பு கொழும்புக் கடையால் ஊருக்கு வரும்போதெல்லாம் எங்களை இங்கே கூட்டிவந்து கோட்டையைக் காட்டுவார். அங்கே வாங்குவதற்கு எதுவும் இருக்கவில்லை. தங்கச்சி ஒரு கொப்பியை எடுத்து, அப்பு சொன்ன யானைக் கதையை எழுதிக்கொண்டாள்.

அடுத்த நாள் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகேறினோம். நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு, அன்னதான மடத்தில் சாப்பிட்டு, கடைத்தெருவுக்கு வந்தோம். காப்புக் கடையில் இருந்த பெண் என் கையைப் பிடித்து, "ஒரு சோடி போட்டுப் பாருங்கோ அம்மா" என்றாள். நான் பழக்க தோசத்தில் கையை இழுத்துக்கொண்டேன். பதினாறு வருடமாக என் கையில் காப்பு இல்லை. அவள் விளங்கிக்கொண்டாள். தன் கையை நீட்டிக் காட்டினாள். இரண்டு கையிலும் பச்சைக் காப்பு.

"எனக்கும் அவர் இல்லை அம்மா. முதலில சனம் கதைச்சது. வித்துக் காட்ட வேணுமெண்டால் நான் போடத்தானே வேணும்? உள்ளுக்கை அம்மனும் போட்டுக்கொண்டுதானே இருக்கிறா" என்றாள்.

தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. நான் பச்சையில் ஒரு சோடி எடுத்தேன். பிள்ளைகளுக்கு என்று இல்லை, எனக்கென்று. படகில் வரும்போது இரண்டு பெண்கள் என் கையைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

மூன்றாம் நாள் நெடுந்தீவு. குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலக் கடல். இந்தக் கடலில்தான் 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் போன பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். படகில் இருந்த எல்லோரும் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். நாங்களும் இருந்தோம்.

நெடுந்தீவில் எங்கள் சின்னம்மா வீடு இருந்த ஒழுங்கையைக் கண்டுபிடித்தோம். பெருக்கமரத்தையும், பழைய கோட்டையின் சிதைவையும், வெளியில் மேய்ந்த குதிரைகளையும் பார்த்தோம். ஆனால் தங்கச்சிக்குக் கல்வேலிதான் வேண்டியிருந்தது. சுண்ணாம்பு, சீமெந்து ஒன்றும் இல்லாமல் முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டுகிற வேலி அது. பூப்போலக் கோலம் விழுந்த கல் ஒன்றைக் கையில் எடுத்தாள்.

வேலிக்குள்ளிருந்து ஒரு ஆச்சி வந்தார். "பிள்ளை, அதை வையணை. ஒரு கல்லை எடுத்தால் மற்றக் கல் நிக்காது" என்றார். தங்கச்சி கல்லை இருந்த இடத்திலேயே வைத்தாள். உண்மையில் முருகைக்கல்லை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகச் சட்டமும் விடாது. வருகிற எல்லோரும் ஒவ்வொரு கல் எடுத்தால் நெடுந்தீவில் வேலியும் மிஞ்சாது.

ஆச்சி எங்களை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். திண்ணையில் ஓலை வார்ந்து போட்டிருந்தது. கடகமும் நீத்துப்பெட்டியும் இழைத்து விற்றுத்தான் சீவிக்கிறாராம். மூலையில், அம்மாவுடையது போலவே, ஒரு கொட்டைப்பெட்டி இருந்தது. தங்கச்சி அதைக் கண்டதும் அழத் தொடங்கினாள். அம்மா செத்ததற்கு அவள் அழுததை அன்றுதான் நான் பார்த்தேன். ஆச்சி காசு வேண்டாம் என்றார். நாங்கள் விட்டுப்போட்டு வரவில்லை. உழைப்புக்குரிய காசைப் பேரம் பேசாமல் கொடுத்துத்தான் வாங்கினோம்.

கடைசியாக எங்கள் வளவு. கூரை இல்லை, கதவு நிலை இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. முற்றத்து வேம்பு மட்டும் நின்றது. ஆடி மாதம் என்பதால் நிலமெல்லாம் பழம். நான் ஒரு கை பொறுக்கிச் சீலைத் தலைப்பில் முடிந்தேன். வேப்பங்கொட்டையை நாட்பட வைத்தால் முளைக்காது. வந்த கையோடு யாழ்ப்பாணத்தில் வாடகை வளவில் ஊன்றினேன். மூன்று முளைத்தன. ஒன்று இன்று நிழல் தருகிறது.

சகோதரிகளே, உங்களில் பலருக்கும் திரும்பிப் பார்க்க ஓர் ஊர் இருக்கும். வீடு நிற்கிறதோ இல்லையோ, ஒருமுறை போய்ப் பாருங்கள். தனியே போகாமல் கூடப்பிறந்தவர்களோடோ பிள்ளைகளோடோ போங்கள். சுவரையோ வேலியையோ கோயில் கல்லையோ பெயர்க்காதீர்கள். விதை, பழம், பெயர் தெரிந்த ஒரு பூ எடுத்து வரலாம். ஓலைச் சாமான் வாங்குவதென்றால் இழைத்த பெண்ணிடமே வாங்குங்கள். ஒரு கொட்டைப்பெட்டி உங்களுக்கு நினைவு, அவருக்கு அன்றைய அரிசி.

எதைக் கொண்டுவந்தாலும் ஒரு துண்டுக் கடதாசியில் எங்கே, எந்தத் திகதியில், யார் தந்தது என்று எழுதிச் சேர்த்து வையுங்கள். எங்கள் படங்கள் போனபோது அவற்றில் இருந்தவர்களின் பெயர்களும் சேர்ந்து போயின. இனி அப்படிப் போகக்கூடாது. எழுதத் தெரியாத அம்மாமார் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதட்டும்.