பீட் பருவத்து ரயில்கள்

அயர்லாந்தின் தென்கிழக்கு மூலையில் வெலிங்டன்பிரிட்ஜ் என்றொரு ஸ்டேஷன் இருந்தது. சின்ன ஊர். ஆண்டில் பாதி நாள் பிளாட்பாரத்தில் ஆளே இருக்காது. இலையுதிர் காலம் வந்துவிட்டால் மட்டும் அதற்குத் தனிக் களை. வெக்ஸ்ஃபர்ட் வயல்களிலிருந்து சேறு அப்பிய சர்க்கரை பீட் டிராக்டர் டிராக்டராக வந்து குவியும். நம் பீட்ரூட்டுக்கு வெள்ளைத்தோல் பெரியப்பா மாதிரி இருக்கும் அந்தக் கிழங்கு. வேகனின் இரும்புத் தரையில் முதல் லோடு விழும்போது எழும் சத்தம் ஊர்க் கோடிவரை கேட்கும். பழைய வேகனின் தலைமேல் இன்னொரு தொட்டியை ஏற்றி உயரமாக்கிய வேகன்கள் அவை. அழகு பார்த்துச் செய்த வேலையில்லை. முன்னால் 071 வகை டீசல் இன்ஜின் ஒன்று உறுமியபடி நிற்கும். ஒற்றைத் தடம் என்பதால், டோக்கன் டிரைவர் கைக்கு வராமல் ரயில் நகராது. அது வந்ததும் மூச்சை இழுத்துப் பிடித்தாற்போல ஒரு கணம். பிறகு ஒவ்வொரு இணைப்பாக இறுகி, வரிசை முழுக்க ஒரு குலுங்கல் ஓடும்.

அந்த உறுமலுக்கு ஒரு முன்கதை உண்டு. 1955ல் தொடங்கி பிரிட்டனின் மெட்ரோபாலிட்டன்-விக்கர்ஸ் அயர்லாந்துக்கு 60 பெரிய டீசல் இன்ஜின்களைக் கட்டித் தந்தது. உள்ளே இருந்த குரோஸ்லி யந்திரங்கள் புகையைக் கக்கின, வழியில் படுத்தன. 1961ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் அனுப்பிய 15 இன்ஜின்கள் வந்தன. ஒரு பக்கம் மட்டுமே கேபின் என்பதால் அவற்றைத் திருப்ப டர்ன்டேபிள் தேட வேண்டியிருந்தது. ஆனாலும் நம்பி ஓட்டலாம். கடைசியில் 1968 முதல் அந்தப் பழைய 60ன் வயிற்றிலும் ஜெனரல் மோட்டார்ஸ் யந்திரத்தையே வைத்துவிட்டார்கள். அதன்பின் டப்ளினானாலும் கால்வேயானாலும் ஏறக்குறைய ஒரே குரல்தான். பின்னால் வந்த 071ன் உறுமலும் அதே ஜெனரல் மோட்டார்ஸ் குரல்.

நான் வாட்டர்ஃபோர்டில் குடியிருந்த தொண்ணூறுகளில் வெலிங்டன்பிரிட்ஜ் வழியாக ரோஸ்லேர் பக்கம் போகும் பயணிகள் ரயிலில் கிரேவன்ஸ் பெட்டிகள் வரும். அறுபதுகளில் செய்தவை. அயர்லாந்துக் குடியரசு நீராவி இன்ஜின்களை 1963லேயே ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. ஆனால் இந்தப் பெட்டிகளைச் சூடாக்க நீராவியேதான் வேண்டும்! அதற்கென்று பாய்லர் வைத்த வேன் ஒன்று ரயிலோடு கூடவே வரும். குளிர்காலத்தில் பெட்டிகளுக்கு நடுவே வெண்புகை கசியும். காலடியில் வெந்து, கழுத்தில் குளிரும். எனக்கு அது பிடித்திருந்தது என்றால் மனைவி இன்றும் நம்புவதில்லை.

வாட்டர்ஃபோர்டை விட்டுக் கொஞ்ச தூரத்தில் பாரோ ஆற்றுப் பாலம். 2,131 அடி நீளம், 1906ல் திறந்தது. நியூ ராஸ் துறைக்குக் கப்பல் போக நடுவே ஒரு பகுதி சுழன்று வழிவிடும். ரயில் அதில் ஊர்ந்துதான் போகும். இரு பக்கமும் சேற்று நிற நீர். பேச்சு தானாக நின்றுவிடும்.

எங்களைப் போன்ற பயணிகளால் அந்தத் தடம் பிழைத்திருக்கவில்லை. சோறு போட்டது கிழங்கு. ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரைக் கொள்கையை மாற்ற முற்பட்டது. 2005ல் கார்லோ சர்க்கரை ஆலையும் 2006ல் மாலோ ஆலையும் மூடின. பீட் ரயில் நின்றது. மிஞ்சியது நாளுக்குப் போக ஒன்று, வர ஒன்று என்ற பயணிகள் வண்டி, அதுவும் முன்னால் தனி இன்ஜின் இல்லாத ரயில்கார். வேலைக்குப் போகிறவருக்கும் கடைக்குப் போகிறவருக்கும் பொருந்தாத நேரம். அப்படி ஓட்டிவிட்டு ஆள் வரவில்லை என்று கணக்குக் காட்டுவது எந்த நாட்டிலும் நடக்கிற காரியம். 2010 செப்டம்பரில் அதுவும் முடிந்தது.

2024ல் வெளியான அனைத்துத் தீவு ரயில் ஆய்வறிக்கை இந்தத் தடத்தை மீண்டும் திறக்கப் பரிந்துரைத்திருக்கிறது. திறந்தால் நல்லது, ரயில்காரே ஓடட்டும். 071களோ இன்னும் ஓய்வு பெறவில்லை. மேயோவிலிருந்து மரக்கட்டைகளையும் கன்டெய்னர்களையும் வாட்டர்ஃபோர்டுக்கு இழுத்து வருகின்றன.