மூச்சு வாங்குகிறவர் முன்னால் போகட்டும்

திருவொற்றியூர்க்காரர்களுக்கு உயரம் என்றால் மனிதர் கட்டி எழுப்பியதுதான். வடிவுடையம்மன் கோயில் கோபுரம், எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள், துறைமுகத்துக் கிரேன்கள். மற்றபடி ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நிலம் தட்டையாகக் கிடக்கிறது. மழை பெய்தால் தண்ணீருக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாது. தெருவிலேயே நின்றுவிடும்.

மலை எங்களிடம் வந்தது உண்டு, லாரியில், துண்டு துண்டாக. 1870-களின் நடுவில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கே தடைபட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் கரையைப் பறிகொடுத்தன. என் மாமியார் சிறுமியாக ஓடி விளையாடிய மணல்வெளிக்கு மேல் இன்று அலை அடிக்கிறது. மிச்சத்தையாவது காப்பாற்ற, வண்டி வண்டியாகக் கருங்கல்லைக் கொண்டுவந்து கரை நெடுகக் கொட்டினார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கால் பழகியது அந்தக் கற்களின் மேல்தான். எந்தக் கல் ஆடும், எந்தக் கல்லில் பாசி வழுக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிஜ மலைக்குப் போவது எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் ஆண்களின் காரியம். கார்த்திகை பிறந்தால் தெருவுக்குத் தெரு மாலை போடுவார்கள். இருமுடிக்குத் தேங்காயும் நெய்யும் அரிசியும் எடுத்துவைப்பது, விரதச் சமையல் பார்ப்பது, வழியனுப்புவது எல்லாம் பெண்கள். என் அப்பா சபரிமலையிலிருந்து திரும்பும்போது அரவணைப் பாயசம் வரும், விபூதி வரும், பாட்டுப் பாடிப் பாடிக் கம்மிப்போன குரல் வரும். மலை மட்டும் வராது. அது எப்படி இருந்தது, எந்த இடத்தில் கால் வலித்தது, யார் யாரைத் தூக்கிவிட்டார்கள் என்பதெல்லாம் ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதாகவே இருந்தது. குடும்பத்தில் ஒருவர் மட்டும் போய் வளர்ந்து வந்தால், அந்த வளர்ச்சியை வீட்டில் உள்ளவர்களோடு எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று அவருக்கும் தெரிவதில்லை. இதை நான் வெகுநாளாக யோசித்திருக்கிறேன்.

என் மகளுக்குச் சிறுவயதிலிருந்தே வீசிங் உண்டு. எங்கள் பகுதியில் இது அபூர்வமில்லை. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டில் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது எங்கள் பக்கத்து மணலியும் அதில் இருந்தது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்த நாட்களில் ஜன்னலைத் திறக்கவே பயந்தோம். இப்படிப்பட்ட ஊரில் மூச்சுத் திணறும் பிள்ளையை வளர்க்கும் தாய் நாள் முழுக்கச் சொல்லும் வார்த்தை 'ஓடாதே' என்பதுதான். ஓடாதே, தூசியில் நிற்காதே, படியில் வேகமாக ஏறாதே. மகளுக்குப் பதினான்கு வயதானபோது அவள் எதையுமே தானாகத் தொடங்காத பெண்ணாக இருந்தாள். பள்ளியில் விளையாட்டு வேளையில் மற்ற பிள்ளைகளின் பைகளுக்குக் காவல் இருப்பாள். அது எனக்குள் ஆழமாகத் தைத்தது.

மலை ஏறலாம் என்ற யோசனை என் மாமியாருடையது. அத்தைக்கு ஒரு பழைய வேண்டுதல் பாக்கி இருந்தது, பர்வதமலைக்கு. திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூருக்கு அப்பால், தென்மகாதேவமங்கலத்தின் தலைமேல் நிற்கும் மலை அது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 4500 அடி. உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரம்மராம்பிகையும். பெண்களும் ஏறலாம், குழந்தைகளும் ஏறலாம். "புள்ளையும் வரட்டும்" என்றார் அத்தை. நான் மருத்துவரிடம் கேட்டேன். மூச்சு சீராக இருக்கும் பருவமாகப் பார்த்து, இன்ஹேலர் கையோடு இருக்க, அவசரமில்லாமல் ஏறுவதில் தடையில்லை என்றார். கோடையும் வேண்டாம், அடைமழையும் வேண்டாம் என்று தை மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

போவதும் முன்போல் சிரமமில்லை. சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் வரை போய்க்கொண்டிருந்த மாலை ரயிலை 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். போளூரில் நிற்கிறது. கடற்கரை நிலையத்திலிருந்து கிளம்பியதும் அது கடக்கும் முதல் நிலையம் ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது, வாலாஜா ரோடு வரை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் மகன், சின்னவனிடம் இதைச் சொன்னேன். நம் ஊரிலிருந்து மேற்கே போன பாதை இது, நூற்று அறுபது வருடத்துக்கு மேலாகிறது, நாம் இப்போதுதான் போகிறோம் என்று. அவன் இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தான்.

மலைபடுகடாம் என்ற சங்கப் பாட்டைக் கல்லூரியில் மதிப்பெண்ணுக்காகப் படித்தவள் நான். பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடி, பெருங்கௌசிகனார் பாடியது, செங்கத்தை ஆண்ட நன்னன் மேல். அதில் வரும் நவிரமலை இந்தப் பர்வதமலைதான் என்று அறிஞர்கள் சொல்வதைப் பின்னால் ஒரு கட்டுரையில் படித்தபோது, புறப்படுமுன் அந்தப் பாட்டை மறுபடி எடுத்தேன். அரசனைப் புகழும் பாட்டு என்றுதான் நினைவில் இருந்தது. படித்தால், பாதிக்கு மேல் வழி சொல்லும் பாட்டு. பரிசு பெறப் போகும் கூத்தர் குடும்பத்துக்கு, பெண்களும் வாத்தியங்களுமாக மலை வழியே போகிறவர்களுக்கு, போய்வந்த ஒருவர் அக்கறையோடு சொல்லும் வழி. பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், விடிந்தபிறகு நடங்கள். பாசி படிந்த இடத்தில் கால் நிலைக்காது, மூங்கிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். தினைக்காவலர் கவண்கல் எறிவார்கள், பார்த்துப் போங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவரை ஒருவர் காத்துக்கொண்டு செல்லுங்கள். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழில், குடும்பத்தோடு மலை ஏறுவதற்கான அறிவுரை. என்னைப் பொறுத்தவரை அந்தப் பாட்டின் மிக அழகான பகுதி நன்னனின் கொடை அல்ல, இந்த எச்சரிக்கைகள்தான்.

அடிவாரத்தில் பச்சையம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் காலை வெளிச்சத்தில் ஏறத் தொடங்கினோம். முதலில் கல்படிகள். என் கணவர் முன்னால், சின்னவன் அவர் பின்னால், பிறகு அத்தை, நான், கடைசியில் மகள். யாரும் திட்டமிடாமல் அமைந்த வரிசை. கொஞ்ச தூரம் போனதும் அத்தை நின்றார். திரும்பிப் பார்த்தார். மகள் கீழே ஒரு படியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கூப்பிடக்கூட இல்லை, தனக்காக நிற்கச் சொல்ல வெட்கம்.

"மூச்சு வாங்கறவங்க முன்னாடி போவட்டும். பின்னாடி உட்டா நாம திரும்பிப் பாக்க மாட்டோம்" என்றார் அத்தை. மகளை மேலே வரச்சொல்லி வரிசைக்குத் தலையில் நிறுத்தினார். "நீ போ கண்ணு. நீ நின்னா நாங்களும் நிப்போம். மலை எங்கயும் பூடப் போறதில்ல."

அத்தை பல வருடம் காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனைத் தலைக்கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்றவர். விடியலில் பெண்கள் கூட்டமாகக் கிளம்பும்போது மாசமாக இருப்பவளையோ, முந்தின நாள் காய்ச்சலில் கிடந்தவளையோ முன்னால் விட்டுத்தான் நடப்பார்களாம். பின்னால் வருகிறவள் விழுந்தால் தெரியாது, முன்னால் போகிறவள் தள்ளாடினால் எல்லோருக்கும் தெரியும். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. செருப்பில்லாத காலோடு அவர் அந்தப் படிகளில் ஏறியதைப் பார்த்தபோதுதான் அந்தக் கூடைகளின் எடை எனக்குப் புரிந்தது.

முன்னால் போகிறவர்தான் வழி பார்க்க வேண்டும். படிகள் முடிந்து கரடுமுரடான பாறைப் பாதை வந்ததும் அது மகளின் வேலையாயிற்று. எந்தக் கல்லில் கால் வைப்பது, எங்கே உட்காருவது, எப்போது தண்ணீர் குடிப்பது எல்லாம் அவள் முடிவு. கடற்கரைக் கருங்கல்லில் பழகிய கால்கள் கல்லைப் படிக்கத் தெரிந்த கால்கள். "இது ஆடும், இந்தப் பக்கமா வாங்க" என்று அவள் எங்களைப் பார்த்துச் சொன்ன முதல் தடவை நான் அவள் முகத்தைக் கவனித்தேன். பயம் போய்விடவில்லை. ஆனால் அவளிடம் பயத்தோடு சேர்ந்து வேறொன்றும் இருந்தது, பொறுப்பு. இரண்டு இடங்களில் மூச்சு இறுக்கியது. உட்கார்ந்தாள், இன்ஹேலரை எடுத்துக்கொண்டாள், நாங்களும் உட்கார்ந்தோம். ஒருவரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

இதை எழுதும்போது என் கணவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி டிரெய்லர் மேல் வைக்கும் வேலை. மணிக்கு 25 பெட்டி எடுத்தால் நல்ல வேகம். ஒருவர் மெதுவானால் கீழே டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும், கப்பல் காத்திருக்கும், காத்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் யாரோ பணம் கட்டவேண்டும். மெதுவாக இருப்பவருக்கு அந்த வேலையில் இடமில்லை, அது வேலையின் இயல்பு. அப்படிப்பட்ட மனிதர் ஒரு பெண்குழந்தையின் மூச்சுக்கு ஏற்றபடி அடி வைத்து நடந்தார். முதலில் அவருக்குக் கால் துறுதுறுத்தது, பார்த்தாலே தெரிந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தோள்கள் தளர்ந்தன. பாட்டு ஒன்றை முணுமுணுக்க ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில் கேட்ட முணுமுணுப்பு.

கடப்பாரைப் பாறையில்தான் அவர் வேலை என்னவென்று பிள்ளைகளுக்குத் தெரிந்தது. பர்வதமலையில் உச்சியை நெருங்கும்போது பாறை செங்குத்தாக எழும். பாறையில் அடித்து இறக்கிய கடப்பாரைகளைப் பிடித்து, சங்கிலியைப் பற்றி ஏற வேண்டும். பக்கத்தில் பள்ளம். மகள் அப்படியே நின்றுவிட்டாள். எங்களைக் கடந்து ஏறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "கீழே பாக்காத பாப்பா, சாமியை நெனச்சிக்கிட்டு ஏறு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். என் கணவர் மகளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நான் கீழ பாத்துதான்மா பொழைக்கிறேன். கேபினுக்கு அடியில கண்ணாடி. நாள் பூரா காலுக்கு நடுவுல பத்து மாடி ஆழத்தைப் பாத்துக்கிட்டு இருப்பேன். பாக்கப் பாக்கத்தான் பயம் கொறையும். உக்காந்து நல்லா பாரு. எவ்ளோ நேரம் வேணும்னாலும் பாரு. அப்புறமா ஏறலாம்."

அவர்கள் இருவரும் அங்கே உட்கார்ந்து பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதோ அந்த மரம், அதற்குக் கீழே அந்தப் பாறை, அதற்கும் கீழே ஏரி என்று ஆழத்தை அவர் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். அவள் கேள்வி கேட்டாள். கிரேன் ஆடுமா, காற்று அடித்தால் என்ன செய்வீங்க, முதல் நாள் பயந்தீங்களா நைனா? பயந்தேன் என்றார். இரண்டு ராத்திரி தூங்கவில்லை என்றார். எனக்கே தெரியாத செய்தி. பிறகு அவள் எழுந்து முதல் கடப்பாரையைப் பிடித்தாள்.

உச்சியில் காற்று குளிர்ந்திருந்தது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்று மகள் பாடப்புத்தகத்தில் படித்ததைச் சொல்லிக் கணக்குப் போட்டாள், எங்கள் தெருவைவிட 9 டிகிரி குறைவாக இருக்க வேண்டும் என்று. அங்கே நாமே தொட்டு அபிஷேகம் செய்யலாம். அத்தை தன் கையால் பால் ஊற்றி வேண்டுதலைத் தீர்த்தார். என்ன வேண்டுதல் என்று அவர் சொல்லவில்லை. மகள் பிறந்த வருடத்தோடு அதற்குத் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

இறங்கும்போது நிலைமை மாறியது. ஏறுவதற்கு மூச்சு வேண்டும், இறங்குவதற்கு முழங்கால் வேண்டும். அத்தைக்கு முழங்கால் இல்லை. ஒவ்வொரு கல்லுக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டார். மகள் சொல்லாமலே வரிசையை மாற்றினாள். ஆயாவை முன்னால் விட்டு, அவர் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு பக்கமாக நடந்து, இறக்கமான இடங்களில் தோளைக் கொடுத்தாள். மூங்கிலைப் பிடித்துக்கொள்ளச் சொன்ன அந்தப் பழைய புலவர் இந்தத் தோளையும் பாராட்டியிருப்பார். அடிவாரம் சேரும்போது இருட்ட ஆரம்பித்திருந்தது. எங்களுக்குப் பின்னால் ஏறியவர்கள்கூட எங்களுக்கு முன்னால் இறங்கியிருந்தார்கள். அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

மலை ஏறினால் நோய் போய்விடும் என்று நான் சொல்லவரவில்லை. மகளுக்கு இன்னமும் வீசிங் வருகிறது, மணலிப் பக்கமிருந்து காற்று அடிக்கிற நாட்களில் அதிகமாகவே வருகிறது. எந்த மலையும் அதைச் சரிசெய்யாது, தொழிற்சாலைகளும் அரசும்தான் சரிசெய்ய வேண்டும், அதைக் கேட்பதை நாங்கள் விடப்போவதில்லை. ஆனால் இன்ஹேலர் என் கைப்பையில் இருப்பதில்லை, அவள் பையில் இருக்கிறது. விளையாட்டு வேளையில் மைதானத்தைச் சுற்றி நடக்கிறாள், அவள் வேகத்தில். 'ஓடாதே' என்பதற்குப் பதிலாக 'உனக்கு எப்படி இருக்கு' என்று நான் கேட்கிறேன். இந்த மாற்றம் எனக்குச் சுலபமாக வரவில்லை, இன்றும் சில நாள் நாக்கைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. என் கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அன்று எத்தனை பெட்டி என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப்போவதில்லை. காற்று எப்படி இருந்தது, எந்த நாட்டுக் கப்பல், மேலிருந்து என்ன தெரிந்தது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், அவரும் சொல்கிறார்.

அடுத்து கொல்லிமலை என்று முடிவாகியிருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தே ஏற்றிவிடும், அதில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது என்று அத்தைக்குக் குறை. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் உண்டு என்று சொன்னதும் சமாதானமானார். அங்கே முதலில் இறங்க வேண்டும், திரும்பும்போதுதான் ஏற்றம். போகும்போது ஆயா முன்னால், வரும்போது தான் முன்னால் என்று மகள் இப்போதே வரிசை போட்டுவிட்டாள். அப்படியானால் நான் எப்போதுதான் முன்னால் போவது என்று சின்னவன் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறான்.