பத்து தீகாவில் ஓடிய பெயர் தெரியாத காடி

கிள்ளானில் கொமுட்டர் ஏறி கோலாலம்பூர் பக்கம் போனால், புக்கிட் படாக், பாடாங் ஜாவா, ஷா ஆலம் தாண்டி நான்காவது நிறுத்தம் பத்து தீகா. வேலைக்குப் போகிறவர்கள் இறங்குவார்கள், ஏறுவார்கள். ஒரு காலத்தில் இந்தப் பெயரைக் கேட்டாலே இளைஞர்களுக்குக் கால் தரையில் நிற்காது என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது.

1968-இல் இங்கே கார் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. அதற்கு முன் பெரிய பந்தயம் பார்க்க வேண்டுமென்றால் சிங்கப்பூர் தாம்சன் சாலைக்கோ ஜொகூருக்கோ போக வேண்டும். பத்து தீகா வந்ததும் பந்தயம் கிள்ளான்காரர்களின் வாசலுக்கே வந்துவிட்டது. 1977-இல் நடந்த ஒரு விபத்தில் வேடிக்கை பார்க்க வந்த சிறுவர்கள் உயிரிழந்தார்கள், தடம் மூடப்பட்டது. பிறகு சீரமைத்து ஷா ஆலம் தடம் என்ற பெயரில் திறந்தார்கள். 1985-இல் உலக ஸ்போர்ட்ஸ் கார் போட்டியின் ஒரு சுற்று இங்கே நடந்தது. ஜாக்கி இக்ஸும் யோக்கன் மாஸும் போர்ஷேயில் வென்றார்கள். 1991 முதல் 1997 வரை மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரியும் இங்கேதான். 1999-இல் சிப்பாங் தடம் வந்த பிறகு பத்து தீகாவின் கதை முடிந்தது. இன்று அந்த இடத்தில் வீடுகள்.

நான் அங்கே போனதற்குக் காரணம் ஒரு புகைப்படம். என் சித்தப்பா கிள்ளானில் போமன் வேலை பார்த்தவர். தோட்டத்து லாரியில் தொடங்கி, பந்தயக் காடி வரை கைவைத்தவர். அவர் காலமான பின் சின்னம்மா கொடுத்த ஆல்பத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கூரையில்லாத, இடுப்பளவு உயரம்கூட இல்லாத பந்தயக் காடி. பின்சக்கரத்தின் அருகே குந்தியிருக்கிறார் சித்தப்பா, கையில் ஸ்பானர். பின்பக்கம் எதுவும் எழுதவில்லை.

“அது பெராரி” என்றார் சின்னம்மா. தாழ்வாக இருக்கும் எந்தக் காடியும் நம் வீடுகளில் பெராரிதான். உறவில் ஒருவரோ, “காடி கழுவுன ஆளுக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னை உட்காரவிடவில்லை.

தெங்கு கிளானா சாலையில், பூமாலைக் கடைகளும் துணிக்கடைகளும் நெருங்கி நிற்கும் நம் லிட்டில் இந்தியாவில், ஒரு உணவகத்தில் சித்தப்பாவோடு வேலை பார்த்த பெரியவரைச் சந்தித்தேன். எண்பதைத் தாண்டியவர். பசியாறி முடிக்கும்வரை படத்தைத் தொடவில்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார்.

“மூஞ்சியப் பார்க்காதேய்யா. எல்லாரும் மூஞ்சியத்தான் பார்ப்பாங்க. சக்கரத்தப் பாரு. நட்டு எத்தனைன்னு எண்ணு.”

எண்ணினேன். முன்சக்கரத்தில் நான்கு. பின்சக்கரத்தில் ஆறு.

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். கோலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் 1962-இல் ‘லோட்டஸ் 23’ என்ற இரண்டு இருக்கைப் பந்தயக் காடியைக் கொண்டுவந்தது. குழாய்களால் ஆன சட்டம், அதன்மேல் மெல்லிய பைபர் உடல், ஓட்டுநருக்குப் பின்னால் இயந்திரம். அந்த வருடம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் ஜிம் கிளார்க் இந்தச் சின்னக் காடியில் பெரிய காடிகளை எல்லாம் பின்னுக்குத் தள்ளி முன்னணியில் ஓடினார். பந்தயத்தை முடிக்கத்தான் முடியவில்லை. அடுத்து பிரான்சின் லெ மான். அங்கே பரிசோதகர்கள் காடியை ஏற்க மறுத்தார்கள். முன்சக்கரத்துக்கு நான்கு நட்டு, பின்சக்கரத்துக்கு ஆறு நட்டு. அப்படியானால் ஒரே மாற்றுச் சக்கரம் இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும் என்பது அவர்கள் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. பின்பக்கத்தையும் நான்காக மாற்றிக் கொண்டுவந்த பிறகும் அனுமதி கிடைக்கவில்லை.

அந்த லோட்டஸ் 23 நம் பக்கமும் வந்தது. ஹாங்காங்கின் ஆல்பர்ட் பூன் 1963-லும் 1965-லும் தாம்சன் சாலை கிராண்ட் பிரியை வென்றது இதில்தான்.

“அப்படின்னா இது லோட்டஸா?” என்றேன்.

“அவசரப்படாதே. நட்டு ஒரு சாட்சி; தீர்ப்பு இல்ல. சக்கரத்த மாத்தலாம், அச்சையும் மாத்தலாம். இப்ப மூஞ்சியப் பாரு.”

முன்பக்கம் லோட்டஸ் 23 படங்களில் இருப்பது போல் இல்லை. காற்று நுழையும் வாய் அகலம். விளக்குகளின் இடம் வேறு. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட காடிகளைச் செய்த சின்னச் சின்னப் பட்டறைகள் பல உண்டு. இங்கிலாந்தில் பிராங்க் நிக்கல்ஸின் எல்வா. ‘அவள் போகிறாள்’ என்ற பிரெஞ்சுச் சொற்றொடரிலிருந்து வந்த பெயர். எசெக்ஸ் மாவட்டத்தில் மெர்லின். ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் அருகே கேரி கூப்பரின் எல்பின். இவை நமக்குத் தூரத்துப் பெயர்கள் அல்ல. 1967 சிங்கப்பூர் கிராண்ட் பிரியை ரோட்னி சியோவ் மெர்லினில் வென்றார். 1968-இல் கேரி கூப்பரே தன் எல்பினை ஓட்டி வென்றார். அவை ஒற்றை இருக்கைக் காடிகள். ஆனால் இதே பட்டறைகள் சக்கரங்களை மூடிய இரண்டு இருக்கைக் காடிகளையும் செய்தன. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே சாயல்.

அதனால்தான் அடையாளம் காண்பது கடினம். பெரிய தொழிற்சாலையில் ஆயிரம் காடியும் ஒரே மாதிரி வரும். சின்னப் பட்டறையில் இந்த வாரம் செய்தது ஒரு மாதிரி, அடுத்த வாரம் செய்தது இன்னொரு மாதிரி. வாங்கியவர் இயந்திரத்தை மாற்றுவார். மோதி உடைந்தால் உள்ளூரிலேயே உடல் செய்து ஒட்டுவார்கள். கடைசியில் நம்புவதற்கு மிஞ்சுவது சட்டத்தில் அடித்த எண் மட்டுமே. அதுவும் புகைப்படத்தில் தெரியாது.

பெரியவர் பூதக்கண்ணாடியை முன்மூக்கில் வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு விரலால் ஒரு கோட்டைக் காட்டினார். கதவுக்கு முன்னால், உடலின் குறுக்கே, லேசான மேடு.

“இங்கதான் ஒட்டு. காடி தடுப்புல மோதி மூஞ்சி போயிருச்சு. இங்கிலாந்துலேருந்து மூஞ்சி வரணும்னா கப்பல்லதான் வரணும். பந்தயம் அதுவரைக்கும் நிக்குமா? உன் சித்தப்பா களிமண்ணுல அச்சு புடிச்சு, பைபர் ஊத்தி, ராத்திரி ராத்திரியா செஞ்சாரு. வாய அகலமா வச்சதும் அவருதான். நம்ம ஊரு சூட்டுக்கு அந்தச் சின்ன வாய் பத்தாது, தண்ணி கொதிச்சிரும்னாரு. நான்தான் தேச்சுக் கொடுத்தேன்.”

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. எலும்பு லோட்டஸ், முகம் கிள்ளான்!

பழைய பந்தயக் காடி சேகரிப்பவர்களிடம் இந்தப் படத்தைக் காட்டினால், “மூக்கு அசல் இல்லை” என்று ஒதுக்கிவிடக்கூடும். அசல் என்றால் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருப்பது என்பது அவர்கள் கணக்கு. விலையும் அதைப் பொறுத்தது. எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. பந்தய முடிவுப் பட்டியலில் ஓட்டியவர் பெயர் இருக்கும், காடியின் பெயர் இருக்கும். இரவெல்லாம் விழித்து அதை ஓட வைத்த போமனின் பெயர் எங்கே இருக்கிறது? அந்த அகலமான வாய்தான் சித்தப்பா போட்ட கையெழுத்து. காடி கழுவுகிறவர் அதைச் செய்திருக்க முடியாது.

உங்கள் வீட்டு ஆல்பத்திலும் இப்படி ஒரு படம் இருக்கலாம். இருந்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். முதலில் சக்கர நட்டு, டயரின் அகலம், கண்ணாடி, விளக்கு, பின்னால் தெரியும் கட்டடம், விளம்பரப் பலகை என்று காடியைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். காடியின் பெயரை என்றாவது யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டாவது, அதைவிட அவசரம்: அருகில் நிற்கும் மனிதர்கள் யார் என்று, தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்னால் பென்சிலால் எழுதி வையுங்கள். காடிக்குச் சட்டத்தில் எண் உண்டு. மனிதருக்கு நாம் எழுதி வைத்தால்தான் உண்டு.